அச்சுக்குத்தான் காசு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள். ஒரு கைப்பிடி அளவு பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு விலையா? அறிவித்த, ஒட்டிச் சேர்க்கும் மாடல் கிட் ஏன் சொன்ன தேதிக்கு வருவதில்லை? இரண்டுக்கும் பெரும்பாலான பதில் எஃகு அச்சில் இருக்கிறது.

விலைக் கவலை இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1952-ல் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், வுல்வொர்த் கடைகளுக்காக 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் கிட்டைத் தயாரித்தது. விலை இரண்டு ஷில்லிங்கைத் தாண்டக் கூடாது என்பதால் அட்டைப்பெட்டி கிடையாது. பாலிதீன் பையில் போட்டு, மேலே மடித்த காகிதத்தின் பின்பக்கம் செய்முறையை அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானக் கிட்டும் வந்தது.

பழைய விமானக் கிட்களின் இறக்கையைத் தடவிப் பாருங்கள். தகடுகள் சேரும் கோடுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அச்சில் கோடு கீறினால் வார்ப்பில் அது புடைப்பாக விழும். சுலபமான வேலை. நிஜ விமானத்தில் அது மெல்லிய இடுக்கு; நாம் இன்று கேட்பதும் அதைத்தான். வார்ப்பில் பள்ளம் விழ, அச்சில் தலைமுடி போன்ற மேடு நிற்க வேண்டும். அந்த மேட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள எஃகை எல்லாம் குடைந்தெடுக்க வேண்டும். பெட்டியில் பிளாஸ்டிக்கின் பங்கு சொற்பம். நாம் கொடுப்பது இந்தக் குடைச்சலுக்கான கூலி. வாங்குகிறவர்கள் குறையக் குறைய, ஒவ்வொருவர் தலையிலும் விழும் பங்கு கூடும்.

தாமதமும் இங்கேதான் பிறக்கிறது. முதல் மாதிரி வார்ப்பில் பிளாஸ்டிக் மூலைவரை பாயாது, தடித்த இடத்தில் குழி விழும். அச்சைத் திருத்தி மறுபடி வார்க்க வேண்டும். அதன் பிறகும் வார்த்துக் கொடுக்கும் ஆலை நின்றால் எல்லாமே நிற்கும். 2006-ல் ஏர்ஃபிக்ஸுக்கு வார்த்துக் கொடுத்த பிரான்சின் ஹெல்லர் நொடித்தது. ஏர்ஃபிக்ஸின் அன்றைய உரிமையாளரான ஹம்ப்ராலும் அதே ஆண்டு கவிழ்ந்தது. நவம்பரில் ஹார்ன்பி நிறுவனம் வாங்கிய பிறகே ஏர்ஃபிக்ஸ் மூச்சுவிட்டது.

இந்தியாவில் இருப்பவருக்கு இன்னொரு சுமை. சுங்கப் பட்டியலில் மாடல் கிட்டும் பொம்மைதான். பொம்மை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. நீங்கள் குறிப்பிட்ட விலையில் ஒரு பெரும்பங்கு அரசுக்குப் போகிறது.

ஆகவே விலையைப் பொறுத்தவரை நான் தயாரிப்பாளர் பக்கம். தேதி விஷயத்தில் உங்கள் பக்கம். அச்சு வெட்டும் முன்பே கணினிப் படத்தைக் காட்டி மாதம் குறிப்பதும், அதை நம்பிக் கடைக்காரர்கள் முன்பணம் வாங்குவதும் நியாயமில்லை. மாதிரி வார்ப்பின் படம் வெளிவரும்வரை பணம் கட்டாதீர்கள். பதுக்கி வைத்து இரட்டை விலை சொல்பவரிடமும் போகாதீர்கள். அச்சு பத்திரமாக இருந்தால் கிட் மறுபடி வர வழியுண்டு. ஜப்பானின் தாமியா நிறுவனத்தின் பல பழைய டாங்கி கிட்கள் அப்படித்தான் இன்றும் கடைக்கு வருகின்றன. அதுவரை, அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகளை ஒட்டத் தொடங்குங்கள். அவற்றுக்கு இனி விலையேற்றமும் இல்லை, தாமதமும் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்