பழைய மோட்டார்ஹோமும் மழைநீரும்

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வருடத்து வண்டி, எத்தனை மைல் ஓடியது என்பதைத்தான். கார் வாங்கிப் பழகியவர்களுக்கு அது இயல்பு. ஆனால் மோட்டார்ஹோமை ஓட்டத்தைவிட மழைநீர்தான் அதிகம் கெடுக்கிறது. அதனால் இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது சுவர்களின் ஓதத்தை.

எங்கள் தேடலில் கடைசியாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டுமே ஃபியட் டுகாட்டோ சேஸியில் கட்டியவை, நான்கு பேர் படுக்கலாம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று 2012ஆம் வருடத்து வண்டி, 18,000 மைல், உள்ளே எல்லாம் பளபள. மற்றது 2010, 52,000 மைல், இருக்கைத் துணி நிறம் மங்கியிருந்தது. முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே என் மனைவி, "இதையே எடுத்துடலாங்க" என்றாள். டேம்ப் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

இந்த மீட்டர் பெரிய விலை இல்லை. சுவரில் அழுத்தினால் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும். 15க்குக் கீழே இருந்தால் நல்லது. 15 முதல் 20 வரை கவனித்துவர வேண்டும். 20ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது. 30ஐத் தாண்டினால் உள்ளே மரம் உளுத்திருக்க வாய்ப்பு அதிகம். பல மோட்டார்ஹோம்களில் வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர், உள்ளே மெல்லிய பலகை, நடுவில் மரச்சட்டம். தகடுகள் சேரும் இடங்களில் பூசிய சீலன்ட் வருடக்கணக்கில் காய்ந்து வெடிக்கும். வண்டி ஓடாமல் வீட்டு வாசலில் நின்றாலும் மழை அந்த வெடிப்பு வழியாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

கூரை ஜன்னலின் ஓரம், பக்க ஜன்னல்களின் கீழ் மூலைகள், மேல் அலமாரிகளின் உட்புறம், ஓட்டுநர் கூண்டும் வீட்டுப் பகுதியும் சேரும் இடம், பின்விளக்கைச் சுற்றியுள்ள சுவர்: இவற்றில்தான் மீட்டரை வைக்க வேண்டும். தரையில் நடந்தும் பாருங்கள். காலடியில் மெத்தென்று அமுங்கினால் நல்லதல்ல. ஏறியதும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் அலமாரிக் கதவுகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

அந்த 2012 வண்டியில் பின் ஜன்னலுக்குக் கீழே மீட்டர் 28 காட்டியது. 2010 வண்டியின் உரிமையாளரோ வருடா வருடம் செய்த ஹாபிடேஷன் சர்வீஸ் (வீட்டுப் பகுதிச் சோதனை) அறிக்கைகளை வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் வண்டியின் படம் வரைந்து, சுவர் சுவராக ஈர அளவைக் குறித்திருந்தார்கள். எதுவும் 14ஐத் தாண்டவில்லை. நாங்கள் அதையே வாங்கினோம்.

குறைந்த மைல் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நின்றே கிடந்த வண்டியில் டயர் வெடிப்பு விடும், பிரேக் துருப்பிடிக்கும், வீட்டுப் பகுதிக்கான லெஷர் பேட்டரி செத்துப்போகும். டைமிங் பெல்ட்டுக்கு மைல் கணக்கோடு வயதுக் கணக்கும் உண்டு என்பதால் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி: 2318 என்றால் 2018ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். எம்.ஓ.டி. வரலாற்றை அரசு இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மைல் கணக்கும் பழைய எச்சரிக்கைகளும் அதில் இருக்கும். ஆனால் சுவர் ஓதத்தை எம்.ஓ.டி. சோதனையில் பார்ப்பதில்லை.

அடுத்தது எடை. 1997 ஜனவரி 1க்கு முன் இங்கே கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் பொதுவாக 7.5 டன் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்கு, ஊரிலிருந்து வந்து இங்கே டெஸ்ட் எழுதிய நம்மில் பலரும் இதில் அடக்கம், டீசல் வண்டி என்றால் 3,500 கிலோதான் எல்லை. வெறும் வண்டியே 3,100 கிலோ என்றால் மிச்சம் 400. நான்கு பேர், 100 லிட்டர் தண்ணீர், சமையல் சாமான், சைக்கிள் என்று ஏற்றினால் அது போதாது. முந்தைய உரிமையாளர் பொருத்திய பந்தலும் சோலார் பலகையும் அந்த 400இல்தான் கழியும். ஆகவே எடைமேடைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

படுக்கை நான்கு இருந்தாலும் சீட் பெல்ட் இரண்டே இருக்கலாம். எண்ணிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் குளிர மணிக்கணக்கில் ஆகும், அதனால் பார்க்கப் போகும் அன்று காலையிலேயே கேஸில் போட்டு வைக்க விற்பவரிடம் சொல்லுங்கள். இன்ஜினை மட்டும் நீங்கள் வரும்வரை தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பினால்தான் அதன் குறை தெரியும். லண்டனுக்குள் ஓட்டுவதாக இருந்தால் யூரோ 6 டீசலா என்று பாருங்கள், இல்லையேல் 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம் கட்ட வேண்டும்.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். சுவரில் மீட்டர் வைக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.