ரயில் வராத ஊருக்கு ஒரு ரயில்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பத்துக்குப் பத்தில் ஒரே ரூம், ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு. ஏழாவது படிக்கிற பொண்ணுக்கும் எனக்கும் ரயில் என்றால் உயிர். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே குட்டி ரயில் ஓட்டுகிற வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து நாமும் ஒன்று செய்யலாமே என்று ஆசை. நம்ம திருப்பூர் ஸ்டேஷனை அப்படியே செய்து, வந்தே பாரத் வந்து நிற்கிற மாதிரி வைக்கலாம் என்பது என் எண்ணம். பொண்ணோ, “அதைத்தான் தினமும் பார்க்கிறோமே, இல்லாத ஊருக்கு ரயில் விடலாம்ப்பா” என்கிறாள். இப்போதைக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாதுங்க. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற அளவுக்குத்தான் இடமும். இதில் ஆகக்கூடியது எது? கம்பெனி வேஸ்ட் எதையாவது பயன்படுத்த முடியுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நான் உங்கள் மகள் கட்சி. அவள் ஆசைக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். மாதிரி ரயில் செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகமாகக் கையாளும் அளவு ஹெச்.ஓ.; அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. வந்தே பாரத் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டருக்கு மேல் வரும். சென்னை–கோவை வண்டி 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது அதற்கு எட்டுப் பெட்டிகள். எட்டையும் கோத்தால் ஏழு அடி தாண்டுகிறது. சும்மா நிற்பதற்கே உங்கள் ரூமில் முக்கால்வாசி நீளம் போய்விடும். பிறகு அது எங்கிருந்து வருவது, எங்கே போவது? வட்டமடித்துத் திரும்ப வேண்டுமானால் மூன்றடிக்கு மேல் அகலம் வேண்டும். வாங்கும் செலவைப் பற்றி நான் பேசவே இல்லை.

அசலைச் சுருக்கப் பார்த்தால் எப்போதும் இடம் போதாது. கட்டிலுக்கு அடியில் மூன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரைச் சதுர அடி. அமெரிக்காவில் கார்ல் ஆரண்ட் என்பவர் இந்த மாதிரி குட்டி லேஅவுட்டுகளையே தேடித் தேடித் தொகுத்தார். 2011-ல் காலமாகும்வரை அதுவே அவர் வேலை. நாலு சதுர அடிக்குள் அடங்குவதுதான் ‘மைக்ரோ’ என்பது அவர் வகுத்த வரம்பு. அதற்குள் சுரங்கம், துறைமுகம், சர்க்கஸ் கூடாரம் என்று ஆட்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இது புதிதல்ல. நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கடுகு தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, சாவி கொடுத்த ரயிலைச் சுற்றவிட்ட பூங்காக்கள் எத்தனை! அங்கே செட்டியார் பொம்மை ரயிலைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார். யாரும் ஸ்கேல் கேட்டதில்லை.

சரி, இல்லாத ஊர் எது? அதற்குக் கற்பனை அதிகம் வேண்டாம், உங்கள் மாவட்ட வரைபடம் போதும். பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று பேர் பெற்ற இத்தனை ஊர்களுக்கும் இன்றுவரை ரயில் கிடையாது. பனியனுக்கு முன்னே திருப்பூர் பருத்திச் சந்தையாக இருந்த ஊர்; சுற்றுவட்டாரப் பருத்தி மாட்டுவண்டியில் வந்து, இங்கே ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கி, பொதியாகி ரயிலேறியது. 1930-களில் கதர் வேலைக்கும் இது பெரிய மையம். அந்தக் காலத்தில் தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியிருந்தால்? ஓடியிருக்க முடியாததும் அல்ல. பழைய சேலம் ஜில்லாவில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் இரண்டரை அடி அகலப் பாதை போட்டு, பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது நின்றுபோனது. அந்தப் பாதைக்கு ஒரு தம்பி கொங்கு நாட்டில் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ‘தாராபுரம் லைட் ரயில்வே, 1935’ என்று ஒரு போர்டு எழுதி வையுங்கள். கதை வந்துவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது என்பதை இனிமேல் கதையே சொல்லும்: மின்கம்பி வேண்டாம், பிளாட்பாரம்கூட வேண்டாம், ஒரு ஜின்னிங் ஆலை முற்றம், வேகன் ஒதுக்கி நிறுத்த இரண்டு மூன்று சைடிங், ஒரு கிணறு.

இதற்கு 48-ல் ஒரு பங்கு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. ஹெச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இரண்டரை அடிப் பாதையை 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது. அதனால் எளிதில் கிடைக்கிற ஹெச்.ஓ. பாதையிலேயே பெரிய அளவு வண்டிகளை ஓட்டலாம். ஆள் மூன்றரை சென்டிமீட்டர் உயரம் இருப்பான். கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இந்த அளவு தோதானது.

இப்போது இஞ்சின். உங்கள் மூவாயிரத்தில் நன்றாக ஓடும் புது இஞ்சின் வாங்குவது கஷ்டம். மலிவான பேட்டரி பொம்மை ரயில் வாங்கினால் ஒரே வேகத்தில் தலைதெறிக்க ஓடும். மெதுவாக வந்து வண்டியைக் கோக்காது. அதனால் முதல் வருஷம் இஞ்சினே வேண்டாம். காங்கேயம் காளை பூட்டுங்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தியாவின் முதல் குறும்பாதை ரயில் 1862-ல் பரோடா சமஸ்தானத்தில் டபோய்க்கும் மியாகாமுக்கும் நடுவே ஓடியது. ஆரம்பத்தில் அதை இழுத்தவை மாடுகள்தான். சின்ன யார்டுகளில் வேகன் நகர்த்த மாடு கட்டுவது அதற்குப் பிறகும் நம் நாட்டில் வழக்கத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் என்ற பெரிய கலைஞர், மாதிரி ரயில் உலகமே அண்ணாந்து பார்த்த தன் லேஅவுட்டில் வேகன் தள்ளுவதற்கு ஒரு டைனோசரை நிறுத்தினார். அதற்கு எம்மா என்று பெயர் வேறு. டைனோசருக்கு இடமிருக்கும்போது நம் காளைக்கு இல்லாமலா போகும்?

செய்யும் முறை இது. ஃப்ளெக்ஸ் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டை அடித்தளமாக வையுங்கள். விளிம்பைச் சுற்றி மட்டும் அதே போர்டில் பட்டை வெட்டி நிமிர்த்தி ஒட்டுங்கள். நடுவில் குறுக்குச் சட்டம் கொடுக்காதீர்கள், கீழே கை போக வேண்டும். கால்களுக்கு நூல் கோனின் அட்டைக் கூம்பு நாலு போதும். விளையாடி முடித்ததும் உருவிவிட்டுக் கட்டிலடியில் தள்ளலாம். கொலுப் பொம்மைக் கடையிலோ மிருகப் பொம்மைப் பாக்கெட்டிலோ மூன்று சென்டிமீட்டர் உயரக் காளை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதன் காலடியில் ஒரு தகடு, தகட்டுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவு நியோடைமியம் காந்தம். போர்டுக்குக் கீழே குச்சி நுனியில் இன்னொரு காந்தம். இரண்டும் இழுக்கிற முகமாகப் பார்த்து ஒட்டுங்கள். மாற்றி ஒட்டினால் காளை குப்புற விழும். குச்சியை நகர்த்தினால் பாதையோரமாகக் காளை நடக்கும். அதன் பின்னால் ஓவர்லாக் நூலில் ஒரு கண்ணி, வேகன் முனையில் செம்புக் கம்பி வளைத்த கொக்கி. வேலை முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர். காந்தம் அதைத் தொந்தரவு செய்யாது. ஆனால் சக்கரத்தின் அச்சு இரும்பாக இருந்தால் வேகன் தானாக ஓடிவந்து காளையை முட்டும். வாங்கும்போதே ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் அச்சாக எடுங்கள். மண்ணிலும் இந்த வில்லங்கம் உண்டு. பல்லடம் சாலைச் செம்மண்ணைச் சலித்துத் தூவினால் அழகாக இருக்கும். ஆனால் அதில் இரும்புத்துகள் கலந்திருக்கலாம். மண்ணைக் காகிதத்தில் பரப்பி, காந்தத்தை பாலிபேக்கில் சுற்றி அதன்மேல் ஓட்டுங்கள். கறுப்பாக ஒட்டுவதை உதறிவிடுங்கள்.

விளையாட்டு என்ன? சும்மா இழுத்துக்கொண்டு போனால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் அமைத்த ‘இங்கிள்நூக்’ புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சைடிங், ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன். எட்டு சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை வரிசையாக எடுங்கள். அந்த ஐந்து வேகனும் அதே வரிசையில் நீளமான சைடிங்கில் நிற்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. ஒன்பது சென்டிமீட்டர் வேகனாகச் செய்தால் எல்லாமே மூன்றரை அடிக்குள் அடங்கும். ஷிப்மென்ட் நாளில் சைஸ் வாரியாகப் பெட்டி அடுக்கிய உங்களுக்கு இது புரியாத வேலையா என்ன! வேகனுக்கு வேகன் சரக்கை மாற்றுங்கள்: பஞ்சு, பருத்திக்கொட்டை, நிலக்கடலை, உப்பு, மண்ணெண்ணெய், கதர்த் துணி, ஊத்துக்குளி வெண்ணெய், கடைசியாகச் சந்தைக்குப் போகும் சனத்துக்கு ஒரு திறந்த வண்டி. ஊத்துக்குளி மெயின் லைனில் இருக்கிறது, வெண்ணெய் எப்படித் தாராபுரம் பாதைக்கு வந்தது என்று கேட்பார்கள். திருப்பூரில் மாற்றி ஏற்றியதாகச் சொல்லுங்கள்.

காளைக்கு இஞ்சினைவிட ஒரு வித்தை அதிகம் தெரியும். முட்டுச் சைடிங்கில் வேகனை இழுத்துக்கொண்டு போன இஞ்சின் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். காளையோ நூலைக் கழற்றியதும் ஓரமாக விலகி நடந்து வெளியே வந்துவிடும். ஆனால் அதற்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கம் கட்டுவது என்று யோசிக்க வேண்டும். தண்டவாளத்தைத் தாண்ட ஒரு இடத்தில் அட்டையை இரு பக்கமும் தண்டவாள மட்டத்துக்கு ஏற்றி லெவல் கிராசிங் அமையுங்கள்.

கம்பெனி வேஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். அதுதான் உங்கள் பெரிய சொத்து. ஓவர்லாக் மெஷினுக்கு அடியிலும் நிட்டிங் மெஷின் மேலேயும் படிகிற பஞ்சுத் தூசியைக் காசு கொடுத்தாலும் வெளிநாட்டுக்காரனால் வாங்க முடியாது. பச்சை, காக்கி, பழுப்பு என்று நிறம் பிரித்து எடுத்துவையுங்கள். காங்கேயம் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள்: அடியில் குச்சி குச்சியாக, மேலே புகைபோலத் தழை. காய்ந்த துளசிக் குச்சிகளை வரிசையாக நட்டு, ஃபெவிக்காலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தொட்டு, பச்சைத் தூசியைப் பிய்த்து வைத்தால் அசல் கிளுவையேதான். இழுத்துப் பிய்க்க வேண்டும், உருட்டக் கூடாது. உருட்டினால் காலிஃபிளவர் மாதிரி ஆகிவிடும். வெள்ளை ரிப் கட்பீஸை இறுக்கச் சுருட்டி, இரண்டரை சென்டிமீட்டரில் வெட்டி, சணல் துணி போர்த்தி நாலு வரி நூல் சுற்றினால் பஞ்சுப் பொதி. ஆலைச் சுவருக்குக் கார்ட்டன் அட்டை: மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே இருக்கும் நெளிவரிதான் தகரக் கூரை. உடைந்த கோன் ஒன்று புகைபோக்கி. தரைக்குக் கோலப்பொடி தூவுவதென்றால் கல்மாவுதான். அரிசி மாவு வேண்டாம், எறும்பு சும்மா விடாது. தூசி சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு வைக்க ஆசைப்பட்டால் எல்.இ.டி. மட்டும்.

பணம் பாதைக்கும் சக்கரத்துக்கும்தான் போகும். அதிலும் விலை கூடியது, பாதையைப் பிரிக்கிற பாயின்ட்ஸ். இந்தப் புதிருக்கு இரண்டு வேண்டும். இரண்டும் சேர்த்து வாங்க முடியாவிட்டால் இப்போது ஒன்று, போனஸ் வந்ததும் மற்றது. ஒற்றைப் பாயின்டில் இரண்டு சைடிங், ஐந்து வேகன் வைத்தே வரிசை மாற்றி விளையாடலாம். பின்னால் இஞ்சின் ஆசை வந்தால் வேகன் நகர்த்தும் நாலு சக்கரச் சின்ன ஹெச்.ஓ. ஷன்டர் ஒன்றின் மேல்கூட்டைக் கழற்றி, அட்டையில் பெரிய கூடு செய்து மாட்டலாம். வேகமான பழைய எக்ஸ்பிரஸ் இஞ்சின் மலிவாக வருகிறதென்று எடுத்துவிடாதீர்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. மார்க்கர் போடுகிற தாளில் மூன்றரைக்கு ஒன்று என்று அசல் அளவிலேயே படம் போடுங்கள். அட்டையில் எட்டு வேகன், ஒரு காளை, இரண்டு பாயின்ட்ஸ் வெட்டி அதன்மேல் நகர்த்தி, மகளும் நீங்களும் புதிரை ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். சைடிங் முனையில் காளை விலக இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்பது அப்போது தெரியும். பாயின்ட்ஸ் இடக்கை, வலக்கை என்று தனித்தனியாக வரும். வாங்கப் போகும்போது அந்தத் தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.