பட்டாவில் நெருப்பு வைக்காதீர்கள்

அப்பா தோட்டத்து லோரி ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கிய டட்சன் 120ஒய் அது. 1171 சிசி இன்ஜின், பின்னால் பட்டா ஸ்பிரிங். செலண்டார் பையன்கள் எல்லாரும் "பட்டாவைக் கழற்றிப் போட்டுட்டு காயில் மாத்துண்ணே" என்றார்கள். மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். பட்டாவை வைத்துக்கொண்டே நன்றாக ஓட்டலாம். என் தவறு வேறு இடத்தில்.

ஆயர் கெரோ திடலில் வளைவுக்கு வளைவு வால் வீசியது. பின்பக்கத்தை 25 மில்லிமீட்டர் இறக்க நினைத்தேன். பட்டாவின் முன்கண் ஆக்சிலை விடத் தாழ்ந்தால் பின்பக்கம் நிதானப்படும். ஒரு பட்டறைக்காரர், "கேஸ் காட்டினா அரை மணி நேரத்துல இறங்கிடும், 80 வெள்ளி குடு" என்றார். காடிக்கு அடியில் நான்தான் டார்ச்லைட் பிடித்தேன். பட்டா குங்குமச் சிவப்பாகி, கண் முன்னாலேயே தொய்ந்தது. சந்தோஷப்பட்டேன்.

ஸ்பிரிங் இரும்புக்கு அந்த விறைப்பு பக்குவமான சூட்டில் ஏற்றியது. 700 டிகிரிக்கு மேல் சிவந்தால் பக்குவம் போய்விடும். ஆறிய பிறகு பார்வைக்கு அதே பட்டாதான். மூன்றாவது ஓட்டத்துக்குள் இடது பக்கம் 18 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

நான்காவது ஓட்டத்தில் 'டக்'கென்று முறிந்தது. காயில் காடியில் ஆக்சிலைப் பிடிக்கத் தனிக் கைகள் உண்டு. நம் காடியில் எடையைத் தாங்குவதும் ஆக்சிலை நகராமல் பிடிப்பதும் இதே பட்டாதான். இடது சக்கரம் பின்னால் போய் மட்கார்டில் இடித்து, காடி சுழன்று புல்லில் நின்றது. பிரேக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு டயர், புதுப் பட்டா செட் என்று 2,600 வெள்ளி போனது. "நீ வேகமா ஓட்டிட்ட" என்கிறார் அந்தப் பட்டறைக்காரர். பந்தயக் காடி என்று தெரிந்துதான் அவர் கேஸைப் பற்றவைத்தார்.

இறக்க வேண்டுமா, கட்டை வையுங்கள். நம் காடியில் பட்டா ஆக்சிலுக்கு அடியில் இருப்பதால் இடையில் வைக்கும் கட்டை காடியை இறக்கும். பட்டா மேலே இருக்கும் லோரியில் அதே கட்டை தூக்கிவிடும். 25 மில்லிமீட்டர் இரும்புக் கட்டை போதும், உயரம் கூடினால் ஆக்சில் முறுக்கும். அதற்கேற்ற நீளத்தில் புது யூ போல்ட் போடுங்கள், பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள். இன்னும் இறக்குவதானால் பட்டா கடையில் சூடேற்றாமல் அடித்து வளைவைக் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஒரே நாளில்.

பட்டாக் கண்ணின் போல்ட்டை காடி ஜேக்கில் தொங்கும்போது இறுக்காதீர்கள். ரப்பர் புஷ் முறுகி, காடியைப் பொய்யாக உயர்த்திக் காட்டும், சீக்கிரம் கிழியவும் செய்யும். காடியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பிறகு இறுக்குங்கள்.

காடியின் உயரத்தை அளக்கும்போது ஓட்டுநர் எடையும் இருக்க வேண்டும். நான் 70 கிலோ. சீட்டில் 50 கிலோ உர மூட்டை ஒன்றும் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டும் வைத்தேன். கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையின் மட்டத்தைக் கொத்தனாரின் தண்ணீர் டியூபை வைத்துப் பார்த்துக்கொண்டேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும், ஆகவே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன்.

புதுப் பட்டாவோடு ஆறு ஓட்டம் முடிந்துவிட்டது. நேற்று அளந்தேன்: இடது 315, வலது 316.