லெப்டொப்பின் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது எப்படி?



நமது தோட்டங்களில் பல வீடுகளில் இன்று ஒரு பழைய லெப்டொப் இருக்கிறது. பிள்ளையின் பாடக் குறிப்பு, குடும்பப் படங்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதி எல்லாம் அதற்குள்தான். அது ஒருநாள் திறக்காமல் போனால், "இனி சரிவராது, புதுசு வாங்குங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கடன்பட்டுப் புதிது வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். பழுது ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம்.

பழுதின் அறிகுறிகள்

நாம் சேமிப்பவை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. பழைய வகையில் ஒரு தட்டு சுழலும். பல லெப்டொப்களில் அது நிமிடத்துக்கு 5,400 தடவை. கீழே விழுந்தால் அது பழுதாகலாம். "டிக் டிக்" சத்தம், திறக்க நெடுநேரம் எடுப்பது, சில படங்கள் திறக்காமை ஆகியன அறிகுறிகள்.

முதல் வேலை பிரதி எடுப்பது

லெப்டொப் திறக்கும்போதே முக்கியமானவற்றைப் பென் டிரைவில் பிரதி எடுங்கள். திறக்காவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யூ.எஸ்.பி. கேபிள் மூலம் வேறு கணினியில் இணைத்துப் பாருங்கள். சத்தம் பலமாக வந்தால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எதை வாங்குவது?

பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். 2.5 அங்குல சாட்டா வகை என்றால் அதே அளவில் எஸ்.எஸ்.டி. கேளுங்கள். அதில் சுழலும் தட்டு இல்லை, வேகமும் கூட. சாதாரண பாவனைக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதும்.

மாற்றும் முறை

1. லெப்டொப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றுங்கள். பெட்டரி கழலும் வகை என்றால் அதையும் எடுங்கள்.
2. ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின் உறுப்புகளைக் கெடுக்கலாம்.
3. அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு தட்டில் ஒழுங்காக வையுங்கள்.
4. பழைய டிஸ்க்கை இழுத்தெடுத்து, அதன் சட்டத்தைப் புதியதில் பொருத்தி, அதே இடத்தில் செருகுங்கள்.

விண்டோஸ் போடுவது

வேறு கணினியில், 8 ஜி.பி. அல்லது கூடிய பென் டிரைவில், மைக்ரோசொஃப்டின் இணையத்தளத்திலிருந்து விண்டோஸை இறக்குங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தது அழிந்துவிடும். ஆகவே பிரதி எடுத்ததைப் பாவிக்காதீங்க. லெப்டொப்பைப் போட்டவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி (கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்) பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். முன்பு முறையான விண்டோஸ் இருந்திருந்தால், இலக்கம் கேட்கும்போது "இல்லை" என்று கொடுத்து, முன்பிருந்த அதே பதிப்பைத் தெரியுங்கள். பெரும்பாலும் இணையத்தில் இணைந்ததும் அதுவாகவே சரியாகும். மழை நாளில் கரண்ட் போய்வரும். பெட்டரி நிரம்பியிருக்கச் செய்யுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய லெப்டொப் என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். அது இலவசம், கடிதம் எழுதவும், படிக்கவும், இணையம் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

கடையில் கொடுத்து மாற்றினாலும் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் படங்களும் அடையாள அட்டைப் பிரதியும் அதில் இன்னும் இருக்கலாம். அது பிறர் கையில் போகக்கூடாது.