சம பரிசுக்கு 39 ஆண்டுகள்

2022ஆம் ஆண்டு விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். துனிசியாவின் ஒன்ஸ் ஜபூர் ஆடினார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் அரபுப் பெண் அவர். கஸகஸ்தானின் எலெனா ரிபாக்கினாவிடம் 6-3, 2-6, 2-6 எனத் தோற்றார். பரிசளிப்பின்போது நானா கேட்டார்: "ஆம்பிளைகள் அஞ்சு செட் விளையாடுறாங்க, இவங்க மூணு செட்தான். பரிசு மட்டும் எப்படிச் சமம்?" என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் போட்டி முறை. இரு பிரிவிலும் 128 பேர் ஆடுவர். தோற்றவர் வெளியேறுவார், ஏழு ஆட்டங்களையும் வென்றவரே சம்பியன். ஓர் ஆட்டத்தை வெல்லப் பெண்கள் மூன்று செட்களில் இரண்டையும், ஆண்கள் ஐந்தில் மூன்றையும் வெல்ல வேண்டும்.

1877இல் ஆரம்பமான விம்பிள்டனில் பெண்களுக்கு 1884இல்தான் இடம் கிடைத்தது. மோட் வாட்சன் தன் அக்கா லிலியனை வென்று முதல் சம்பியனானார். பணப்பரிசு வந்தது 1968இல். ஆண்களில் வென்ற ரொட் லேவருக்கு 2,000 பவுண்; பெண்களில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்.

கிங் சும்மா இருக்கவில்லை. 1973இல் வீராங்கனைகளை ஒன்றுசேர்த்து மகளிர் டெனிஸ் சங்கத்தை உருவாக்கினார். அதே ஆண்டு அமெரிக்க பகிரங்கப் போட்டி பரிசைச் சமமாக்கியது. விம்பிள்டன் சம்மதித்தது 2007இல். அவ்வருடம் வீனஸ் வில்லியம்ஸும் ரொஜர் பெடரரும் தலா 700,000 பவுண் பெற்றனர்.

இனி நானாவின் கேள்வி. மூன்று செட் முறை போட்டியின் சட்டம். பெண்களின் இயலாமை அல்ல. 1984 முதல் 1998 வரை மகளிர் ஆண்டிறுதிப் போட்டியின் இறுதியாட்டம் ஐந்து செட் முறையிலேயே நடந்தது. அத்துடன், மூன்று செட்களில் வென்று முடிக்கும் ஆணுக்கு, ஐந்து செட் போராடி வென்றவரை விடப் பரிசைக் குறைப்பதில்லை. பரிசு நேரத்துக்கான கூலி அல்ல, எட்டிய சுற்றுக்கானது.

இதை நானாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரிதான், அப்படிப் பார்க்கல்ல" என்றார்.

கேள்வி கேட்டதற்காக அவரோடு கோபித்திருந்தால் நான் இவ்வளவும் படித்திருக்க மாட்டேன். தோழிகளே, நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துச் சொல்லவும் படித்திருக்க வேண்டும்.