உதவித்தொகை மறுக்கப்பட்டால்…

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டியின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை முதல் விண்ணப்பத்தில் மறுக்கப்படுவது சகஜம். சோர்ந்துவிடாதீர்கள். கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். புதிதாக விண்ணப்பித்தால் பழைய பாக்கித்தொகை கைநழுவிப் போகலாம்.

மேல்முறையீட்டின் முதல் கட்டமான மறுபரிசீலனையிலும் மறுத்தால், நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை. சான்றுகளை விசாரணைக்கு 5 வேலைநாள் முன்பே கொடுத்துவிடுங்கள். நோயின் பெயரைவிட, எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும் என்று மருத்துவர் எழுதித் தருவதே அதிகம் எடுபடும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கேட்கலாம்.

நீதிபதி பாரபட்சம் காட்டுவதாகத் தோன்றினால் வாய்மூடி இருக்காதீர்கள். உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். விலகுவதா என்பதை முதலில் அவரே முடிவு செய்வார். விலக மறுத்தாலும், அதே காரணத்தை அடுத்த மேல்முறையீட்டு அமைப்பான அப்பீல்ஸ் கவுன்சிலில் எழுப்பலாம். அங்கும் தோற்றால் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.