பழைய பிக்கப்புக்குப் பெரிய ரயர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிக்கரிங்கில் இருந்துகொண்டு காட்டுப்பாதை ஓட ஆசைப்படுகிறவர் முதலில் தூரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். புறொக் ரோட்டில் 407இல் ஏறினால் 35/115 சந்திப்புவரை ஏறத்தாழ 43 கிலோமீற்றர். (2025 ஜூன் 1 முதல் இந்தத் துண்டுக்குக் கட்டணம் இல்லை, அந்தக் காசு பெற்றோலுக்கு.) அங்கிருந்து லின்ட்சே, மின்டன் என்று வடக்கே போய்ச் சேர எல்லாமாக நல்ல இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் சேறும் கல்லும். மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் ஊர்ந்துவிட்டு, பின்னேரம் அதே தார் ரோட்டில் திரும்பி வரவேண்டும். திங்கட்கிழமை அதே வாகனம் 401இல் வேலைக்குப் போகும், பனிக்காலமென்றால் உப்புக்கு மேலால்.

இங்கே எழுதுவது அப்படி இரண்டு வாழ்க்கை வாழ்கிற வாகனத்துக்கு. டிரெயிலரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிற வண்டிக்கு இது பொருந்தாது. என் கட்சியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பெரும்பாலானோருக்கு 31 அங்குல ரயர் போதும். 33 வேண்டுமென்றால் கியருக்கும் சேர்த்துக் காசு வைத்திருங்கள். 35 போடுகிறவர்கள் அச்சையே மாற்றுகிறவர்கள்.

காசு எடுக்க முன்

செய்யுங்கள்: வாகனத்தின் கீழே படுங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு ரோச். சேஸியை நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு ணங்கென்று சொல்லும். கறள் தின்ற இடம் பொத்தென்று ஒலிக்கும். பின் ஸ்பிறிங் தகடுகள் சேஸியில் தொங்கும் இடங்களையும், பின் அச்சுக்கு நேர் மேலே வளைந்து போகும் பகுதியையும் விடாமல் பாருங்கள். உப்புச் சேறு தேங்குவது அங்கேதான். பிறேக் குழாய்களையும் விரலால் தடவுங்கள். ஸ்குறூ டிறைவர் உள்ளே போகிற சேஸியில் எவ்வளவு நல்ல அச்சைப் பூட்டினாலும் பிடித்துக்கொள்ள இரும்பு இருக்காது. அந்த வாகனத்துக்கு ரயர் வாங்காதீர்கள். வேறு வாகனம் வாங்குங்கள்.

செய்யுங்கள்: உங்கள் கியர் விகிதத்தை அறிந்துகொள்ளுங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறியீடு இருக்கும். பழைய வாகனத்தில் முன்பிருந்தவர் என்ன மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் உயர்த்தி, ஜக்கை நம்பாமல் ஸ்டாண்டில் இருத்தி, கியரை நியூட்ரலில் விடுங்கள். அந்தச் சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது புறொப்பலர் சாப்ட் எத்தனை சுற்றுகிறது என்று ஒருவர் பார்க்கட்டும். நாலு சுற்றுக்குச் சற்று மேலென்றால் 4.10. சாதாரண டிபரன்சலில்தான் இந்த எண்ணிக்கை செல்லும்.

செய்யாதீர்கள்: ரயரை முதலில் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். 29 அங்குல ரயரோடு வந்த பிக்கப்புக்கு 33 அங்குல ரயர் நாலு, மலிவாகக் கிடைத்ததென்று. 4.10 கியரை அப்படியே விட்டேன். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் சும்மா கிடந்தது. மேட்டில் நாலாவதும் முனகியது. இரண்டாவது கோடையில், மின்டனுக்கு அப்பால் ஒரு கல்மேட்டில், பின் சில்லொன்று கல்லிடுக்கில் சிக்கி நிற்க, நான் அக்சிலரேட்டரை மிதித்தேன். கேட்ட சத்தம் துவக்குச் சத்தம்போல இருந்தது. உடைந்த சாப்டோடு சில்லு மெல்ல மெல்ல வெளியே நடந்து வரத் தொடங்கியது. இழுத்துக்கொண்டு வரக் கொடுத்த காசில் கியரே மாற்றியிருக்கலாம்.

மயிலிறகானாலும் அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது வண்டிப் பாரத்தை வைத்து. இங்கே பாரம் ரயரின் உயரத்தில் இருக்கிறது. உயர்ந்த ரயர் நீண்ட நெம்புகோல். நிலம் அதைப் பிடித்து நிறுத்தும்போது திருகல் முழுவதும் சாப்டுக்குத்தான் போகும்.

அச்சும் கியரும்

கணக்கு எளிது. புது ரயரின் உயரத்தைப் பழையதால் வகுத்து, பழைய கியர் விகிதத்தால் பெருக்குங்கள். 33ஐ 29ஆல் வகுத்து 4.10ஆல் பெருக்கினால் 4.67 வரும். அந்த எண்ணில் கியர் கிடைக்காது, 4.56 அல்லது 4.88 கிடைக்கும். அதிகமாக நெடுஞ்சாலை ஓடுகிறவர் 4.56ஐயும், பாரம் இழுக்கிறவர் 4.88ஐயும் எடுக்கலாம். கியரை மாற்றினாலும் ஸ்பீடோமீற்றரைத் திருத்த மறக்காதீர்கள். கியரை மாற்றாமல் விட்டால் முள் 100 காட்டும்போது நீங்கள் ஓடுவது சுமார் 114. பொலிஸ்காரரிடம் ரயர் கணக்குச் சொல்லி யாரும் தப்பியதாக நான் கேள்விப்படவில்லை. 31 அங்குலத்துக்கு வித்தியாசம் ஏழு வீதம்தான். கியரைத் தொடாமலே வாழலாம். நான் 31இல் நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

செய்யாதீர்கள்: பின் கியரை மட்டும் மாற்றிவிட்டு, முன்னதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று 4x4 போடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நடுவில் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸைத் தின்றுவிடும். முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு ரயர் போடுவதும் அதே குற்றம்தான்.

செய்யுங்கள்: அச்சு மாற்றுவதென்றால், பழைய வாகன யார்டில் தேடுவதற்குமுன் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். போர்ட் ரேஞ்சர் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வழி. பல பழைய ரேஞ்சர்களின் பின் அச்சில் கிறவுண் வீல் 7.5 அங்குலம், சாப்டின் நுனியில் 28 பற்கள். 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல அச்சில் 31 பற்கள். போதாததற்கு டிறம்முக்குப் பதில் டிஸ்க் பிறேக். பெரிய ரயருக்குப் பிறேக்கும் பெரிதாக வேண்டும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் நேரே பூட்ட முடியாது. எக்ஸ்புளோரரில் ஸ்பிறிங் அச்சுக்குக் கீழே இருக்கும், ரேஞ்சரில் மேலே. ஸ்பிறிங் அமரும் தகடுகளை வெட்டி எடுத்து, புதிதாக ஒட்ட வேண்டும்.

அந்த ஒட்டு வேலையில்தான் கூடுதலானோர் சறுக்குகிறார்கள். வாகனத்தின் முழுப் பாரமும் சில்லில் இறங்கி நிற்கும்போது பினியனின் கோணத்தைப் பார்த்து, முதலில் பொட்டு மட்டும் வைத்து, சரியென்று கண்டபிறகே முழுவதும் ஒட்ட வேண்டும். ஜக்கில் தொங்கும்போது ஒட்டினால் கீழே இறக்கியதும் கோணம் மாறி, 80இல் ஒரு நடுக்கம் பிடிக்கும். யூ ஜொயின்டும் அதிக நாள் நிற்காது. தராதரம் பெற்ற வெல்டரிடம் கொடுங்கள். பழைய யூ போல்ட்டுகளை மறுபடி பூட்டாதீர்கள். ஒருமுறை இறுக்கியபோதே அவை இழுபட்டுவிட்டன.

டொயோட்டாக்காரர்களுக்கு ஒரு வரி. 1985 வரை வந்த 4x4 பிக்கப்பின் முன்பக்கத்தில் ஒரே தண்டு அச்சு; 1986இலிருந்து தனித்தனியாக அசையும் முன்பக்கம். இந்தக் காலத்தில் 85ஆம் ஆண்டு வண்டியைக் கறள் இல்லாமல் ஒன்ராறியோவில் கண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

செய்யாதீர்கள்: டிபரன்சலுக்குள் ஒட்டு வைத்து இரண்டு சில்லையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். தானாகவே பூட்டிக்கொள்ளும் மலிவான லொக்கரையும் இங்கே வேண்டாம் என்பேன். அரிசோனாக்காரருக்கு அது சரி. பெப்ரவரி மாதம் 401 ஏறும் வளைவில், கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தில், இரண்டு பின் சில்லும் ஒன்றாகச் சறுக்கினால் வாகனத்தின் வால் முன்னுக்கு வரும். பொத்தானை அமத்தினால் பூட்டும், விட்டால் திறக்கும் லொக்கருக்குக் காசு சேருங்கள். 31 அங்குல ரயரும் பின்னுக்கு அப்படியொரு லொக்கரும் உள்ள பிக்கப், 35 ரயரோடு சாதாரண டிபரன்சல் வைத்திருப்பவரைக் கடந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யுங்கள்: புதுக் கியரைப் பழக்குங்கள். கால் மணித்தியாலம் மெதுவாக ஓடி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓடுங்கள். முதல் எண்ணூறு கிலோமீற்றருக்குப் பாரம் இழுக்க வேண்டாம். பிறகு எண்ணெயை மாற்றுங்கள்.

ரயர்

265/75 ஆர் 16 என்று எழுதியிருந்தால் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 75 வீதம், உட்சில்லு 16 அங்குலம். கூட்டிப் பார்த்தால் உயரம் 31.6 அங்குலம் வரும். கடைக்காரர் சொல்கிற அளவை நம்பாமல் இப்படி நீங்களே கணக்கெடுங்கள். எண்ணுக்கு முன்னால் 'எல்டி' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கல்லுக்குத் தாங்குவது எல்டி ரயரின் பக்கச் சுவர்தான்.

செய்யுங்கள்: மலைமுகடும் அதற்குள் பனிப்பூவும் போட்ட முத்திரை உள்ள ஓல் டெறெயின் ரயரை எடுங்கள். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பற்களின் அமைப்பைச் சொல்வது, பனியில் சோதித்ததற்குச் சாட்சி இல்லை. பெரிய பல் வைத்த சேற்று ரயர் படத்துக்கு அழகு. குளிரில் இறுகி, பனிக்கட்டியில் சறுக்கும். நெடுஞ்சாலையில் தேனீக் கூடுபோல இரையும்.

செய்யுங்கள்: பாவித்த ரயர் வாங்கினால் பக்கச் சுவரில் 'டொட்' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பல் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரப்பரை நான் தொடமாட்டேன்.

செய்யாதீர்கள்: மட்காட்டுக்கு வெளியே ரயரைத் தள்ளி நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவரின் கண்ணாடியில் கல் தெறிக்கும். ஒன்ராறியோச் சட்டமும் நீர் தெறிப்பதை அடக்க மட்காட் கேட்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு சில்லை மேட்டில் ஏற்றி, ரயர் எங்கேயாவது உரசுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பாருங்கள்.

செய்யுங்கள்: சில்லு பூட்டி நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், டோர்க் ஸ்பனரால். 1990களின் நடுவில் இந்த மாகாணத்து நெடுஞ்சாலைகளில் லொறிச் சில்லுகள் கழன்று பறந்து மற்ற வாகனங்களில் இருந்தவர்களைக் கொன்றன. 1997இல் பார வாகனங்களுக்குக் கடும் சட்டமே வந்தது. நம் பிக்கப் லொறியில்லைத்தான். கழன்ற சில்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லுங்கள். அச்சு, உயரம், ரயர், எல்லாவற்றையும், எழுத்தில். சொல்லாமல் விட்டது விபத்துக்குப் பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும். பனிக்கால ரயருக்கு 2016இலிருந்து எல்லாக் கம்பனியும் கழிவு தரவேண்டும். அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

காட்டில்

செய்யாதீர்கள்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதென்று கண்ட இடத்தில் இறங்காதீர்கள். வடக்குப் பிக்கரிங்கில் வேலியில்லாத வெளிகள் நிறைய. 1972இல் விமான நிலையத்துக்கென்று மத்திய அரசு பறித்த நிலம் அது. 2025 ஜனவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. பெரும்பகுதி ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். அங்கே உழுது விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரூஜ் பூங்காவில் ரோட்டை விட்டு இறங்க அனுமதியே இல்லை. வாகனத்தைப் பழக, நம் சைட்லைன் கிறவல் ரோட்டுகள் போதும். காட்டுப்பாதையே வேண்டுமென்றால், கனரஸ்கா காட்டுக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். எந்தப் பாதையில் எந்த வாகனம் போகலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏப்ரலில் போகவே வேண்டாம். பனி உருகி நிலம் புட்டுமாப்போல இருக்கும்போது நீங்கள் போடுகிற தடம் அந்தக் கோடை முழுவதும் கிடக்கும்.

செய்யுங்கள்: பாதை தொடங்கும் இடத்தில் காற்றை இறக்குங்கள். ரோட்டில் 35 பிஎஸ்ஐ என்றால் காட்டில் 18, 20. ரயர் நசிந்து கல்லைக் கட்டிப்பிடிக்கும். செலவில்லாமல் கிடைக்கும் இந்தப் பிடிமானம் இரண்டு அங்குலப் பெரிய ரயரை விட மேல். 15க்குக் கீழே போனால் ரயர் உட்சில்லை விட்டுக் கழன்றுவிடலாம். காற்றடிக்கும் சின்ன மெசின் ஒன்றும் உங்களோடு வரவேண்டும். தளர்ந்த ரயரோடு நெடுஞ்சாலை ஏறினால் சூட்டில் வெடிக்கும்.

செய்யாதீர்கள்: புதைந்த வாகனத்தை இழுக்க டிரெயிலர் கொழுவும் உருண்டையில் கயிறு மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டு. அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

ஓடையைக் கடக்க முன் ஒரு விசயம். ஓடி ஓடிச் சூடேறிய அச்சு குளிர் தண்ணிக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் சின்ன மூச்சுக் குழாயாலும் சீல் வழியாகவும் தண்ணியை உறிஞ்சும். பத்து டொலர் ரப்பர் குழாயொன்றை அதில் மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோங்கள். பாலமோ போட்ட கடவையோ இல்லாத ஓடைக்குள் இறங்கவும் வேண்டாம். மீன் முட்டையிடும் படுகையைக் குழப்புவது மத்திய அரசின் மீன்வளச் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்கு வந்ததும் கீழ்ப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பிறகு இரண்டு டிபரன்சலிலும் நிரப்பும் மூடியைக் கழற்றி, ஒரு விரல் விட்டுப் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுத்தோ இருந்தால் மூடிவிடுங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணி புகுந்துவிட்டது. எண்ணெயை மாற்றும்வரை அந்த வாகனத்தை வேலைக்குக் கொண்டுபோக வேண்டாம், திங்கட்கிழமை மட்டும் வேறு யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு போங்கள்.